பழைய போர்பன் பாட்டில்களை ஏலத்தில் எடுக்கலாமா?

கேள்வி: அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், லூயிவில் நகரில் பொறியாளராக வேலை பார்க்கிறேன். வயது 38. மனைவி, ஒரு மகள். இந்த ஆண்டு போனஸில் 6,000 டாலரைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் நடக்கவிருக்கும் இணைய ஏலம் ஒன்றில், போர்பன் என்ற அமெரிக்க விஸ்கியில் மூன்று லாட்டுகளை, அதாவது ஏலத்தில் தனித்தனியாக விடும் தொகுதிகளை, குறித்து வைத்துள்ளேன். முதலாவது, 1962இல் வடித்து 1968இல் பாட்டிலில் அடைத்த ஓல்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு 'பாட்டில்ட்-இன்-பாண்ட்'. இரண்டாவது, சில ஆண்டுகளுக்கு முன் வெளியான 20 வயது, அதாவது 20 ஆண்டு பீப்பாயில் முதிர்ந்த, பாப்பி வான் விங்கிள். மூன்றாவது, 1960, 70களில் வந்த ஜிம் பீம் பீங்கான் குடுவைகள் ஆறு, எதுவும் திறக்கப்படவில்லை. "பழைய விஸ்கி விலை ஏறுமே தவிர இறங்காது" என்கிறார் அலுவலக நண்பர். மகள் கல்லூரிக்குப் போகும்போது விற்றுக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். வாங்கலாமா? ஐஆர்ஏ ஓய்வுக்காலக் கணக்கின் வழியாக வாங்கினால் வரி மிச்சமாகுமா?

பதில்: உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அதில்தான் ஆபத்து அதிகம். ஐஆர்ஏ கணக்கிலிருந்து மதுபானம் வாங்கக் கூடாது. அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 408(எம்) பிரிவு சேகரிப்புப் பொருள்களைப் பட்டியலிடுகிறது. ஓவியம், பழம்பொருள், அஞ்சல்தலை ஆகியவற்றோடு மதுபானமும் அதில் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. கணக்குப் பணத்தில் அப்படி ஒன்றை வாங்கினால், அந்தத் தொகையை நீங்கள் கையில் எடுத்துக்கொண்டதாகவே வரித்துறை கருதும். வழக்கமான ஐஆர்ஏ என்றால் அதற்கு வருமான வரி உண்டு. 59½ வயது ஆகாததால் 10% அபராதமும் பொதுவாகச் சேரும். இந்த யோசனையை இத்துடன் விட்டுவிடுங்கள்.

இனி லாட்டுகள். மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் கடைசியில் எழுதியிருக்கும் அந்தப் பீங்கான் குடுவைகள்தான் மற்ற இரண்டையும் எடைபோடக் கற்றுத்தருகின்றன.

ஜிம் பீம் நிறுவனம் 1950களில் தொடங்கி இத்தகைய அலங்காரக் குடுவைகளை ஏராளமாக வெளியிட்டது. பறவை, கார், மாநிலச் சின்னம் என்று எண்ணற்ற வடிவங்கள். அவற்றைச் சேகரிப்பதற்கென்றே ஊர் ஊராகச் சங்கங்கள் இருந்தன. விலைக் கையேடுகள் அச்சாகின. பிற்காலத்தில் நல்ல விலை போகும் என்று நம்பி மக்கள் முத்திரை கலையாமல் அலமாரியில் பூட்டி வைத்தார்கள். இன்று அமெரிக்காவில் பழைய சாமான் விற்கும் எந்தக் கடைக்குப் போனாலும் அவை சில டாலர்களுக்குக் கிடைக்கின்றன. எல்லோரும் பாதுகாத்ததால் எல்லாமே மிஞ்சிவிட்டன. மிஞ்சிப்போன பொருளுக்கு ஏலத்தில் போட்டி ஏது? இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பீங்கான் பூச்சிலிருந்து ஈயம் விஸ்கியில் கரைந்திருக்கும் ஆபத்து இந்தக் குடுவைகளில் உண்டு. எனவே குடிக்கவும் ஆகாது. மூன்றாவது லாட்டைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

அதே காலத்தில் கடையில் சாதாரண விலைக்கு விற்ற கண்ணாடி பாட்டில் போர்பனுக்கு நேர்மாறான கதி. அதை யாரும் சேர்த்து வைக்கவில்லை. வாங்கினார்கள், குடித்தார்கள், பாட்டிலைத் தூக்கி எறிந்தார்கள். அமெரிக்காவில் போர்பன் விற்பனை 1970ஐ ஒட்டி உச்சம் தொட்டுப் பிறகு நீண்ட காலம் சரிந்தது. இளம் தலைமுறை ஓட்கா பக்கம் போனது. லூயிவில்லை ஒட்டிய ஷைவ்லியில் 1935இல் திறந்த ஸ்டிட்ஸல்-வெல்லர் வடிசாலையை, பாப்பி வான் விங்கிள் விஸ்கிக்குத் தன் பெயரைத் தந்தவரின் குடும்பத்தார் 1972இல் விற்றார்கள். 1992இல் அங்கே வடிப்பது நின்றது. உங்கள் முதல் லாட் அந்த வடிசாலையின் சரக்கு. சோளத்தோடு ரை தானியத்துக்குப் பதிலாகக் கோதுமை சேர்க்கும் அதன் பாணி இன்றும் பேசப்படுகிறது. ஆனால் அதன் விலைக்குச் சுவை ஒரு காரணம் மட்டுமே. அந்த இடத்தில் அந்தச் சரக்கை இனி யாரும் வடிக்கப்போவதில்லை, மிச்சம் இருப்பதும் திறக்கத் திறக்கக் குறைகிறது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

ஆகவே ஏலத்தில் எந்தப் பாட்டிலைப் பார்த்தாலும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இது வெளிவந்த நாளில் இதை எத்தனை பேர் பத்திரப்படுத்தினார்கள்?

இந்தக் கேள்வியை உங்கள் இரண்டாவது லாட்டிடம் கேட்டுப் பாருங்கள். பாப்பி வான் விங்கிள் 2002 முதல் பஃபலோ டிரேஸ் வடிசாலையோடு சேர்ந்து தயாராகிறது. ஸ்டிட்ஸல்-வெல்லரில் கடைசியாக வடித்தது 1992இல். அதற்கு 20 ஆண்டு கூட்டினால் 2012. சில ஆண்டுகளுக்கு முன் வெளியான 20 வயது பாட்டிலில் அந்தப் பழைய வடிசாலையின் சரக்கு இருக்கும் என்று எதிர்பார்க்க வழியில்லை. நல்ல விஸ்கி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அது ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் புதிதாக வருகிறது. கடையில் நூற்றுக்கணக்கில் குறித்த விலை, கைமாறும்போது ஆயிரங்களாகிறது. வாங்கியவர்களில் பலர் திறப்பதே இல்லை. உங்களைப் போலவே மகன், மகள் படிப்பை மனத்தில் வைத்துக் காத்திருக்கிறார்கள். உங்கள் மகள் கல்லூரிக்குப் போகும் ஆண்டில் அவர்கள் எல்லோரும் உங்களோடு சந்தைக்கு வருவார்கள். கென்டக்கியின் கிடங்குகளில் இப்போது ஒரு கோடிக்கும் மேற்பட்ட பீப்பாய்கள் முதிர்ந்துகொண்டிருக்கின்றன. பழைய சரக்குக்கு இனிப் பஞ்சம் வராது. இந்த விலைக்கு இந்த லாட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விலை இறங்கவே இறங்காது என்ற நண்பரின் பேச்சுக்கும் இங்கேயே பதில் சொல்கிறேன். அரிய விஸ்கிகளின் ஏல விலை 2022 வாக்கில் உச்சத்துக்குப் போய், அதன்பின் இறங்கியது. நண்பர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்த பத்தாண்டுகள் அப்படி இருந்தன.

மிச்சம் இருப்பது ஓல்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு. மூன்றில் இது ஒன்றுதான் நின்று பார்க்கத் தகுந்தது. அது உண்மையானதா, நல்ல நிலையில் இருக்கிறதா என்பதை நீங்களே ஓரளவு சோதிக்கலாம்.

'பாட்டில்ட்-இன்-பாண்ட்' என்பது 1897ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த தகுதி. ஒரே வடிசாலையில், ஒரே பருவத்தில் வடித்து, அரசின் கண்காணிப்பில் உள்ள கிடங்கில் குறைந்தது 4 ஆண்டு வைத்து, 100 புரூஃப் அளவில், அதாவது 50% ஆல்கஹாலோடு அடைத்திருக்க வேண்டும். அந்தக் காலத்துப் பாட்டில்களில் மூடிக்கு மேலாக, அரசுக்கு வரி செலுத்தியதைக் காட்டும் பச்சை வரிப் பட்டை ஒட்டியிருக்கும். வடித்த பருவமும் ஆண்டும், அடைத்த பருவமும் ஆண்டும் அதிலேயே அச்சாகியிருக்கும். 1962, 1968 என்று ஏலப் பட்டியல் சொல்வதை நம்ப வேண்டாம். பட்டையைப் படித்துப் பாருங்கள். லேபிளில் வடிசாலை எண் 16 இருக்க வேண்டும். கென்டக்கியில் ஸ்டிட்ஸல்-வெல்லருக்கு உரிய எண் அது. இந்த எண்ணை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. ஓல்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற பெயர் 1999இல் ஹெவன் ஹில் நிறுவனத்துக்குப் போய்விட்டது. பெயர் அதேதான், வடித்த இடம் வேறு. பெயரைப் பார்த்து விலை கொடுப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

கொள்ளளவையும் பாருங்கள். 1968இல் அடைத்த பாட்டிலில் '4/5 குவார்ட்' போன்ற பழைய அமெரிக்க அளவு இருக்க வேண்டும். 750 மில்லி என்ற அளவு 1980இல்தான் கட்டாயமானது. கர்ப்பிணிகள் அருந்தக் கூடாது என்ற அரசு எச்சரிக்கை லேபிளில் இருந்தால் அது 1989 நவம்பருக்குப் பிந்தையது. வரிப் பட்டை முறையே 1985இல் முடிந்துவிட்டது. கண்ணாடியின் அடிப்பகுதியில் பாட்டில் செய்த ஆண்டைக் குறிக்கும் இலக்கங்கள் பெரும்பாலும் புடைப்பாக இருக்கும். அவை 68ஐத் தாண்டியிருந்தால் கதை பொய்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் உள்ளே இருப்பது வேறாக இருக்கலாம். காலி பாட்டிலை வாங்கி, மலிவான விஸ்கியை நிரப்பி விற்பவர்கள் இருக்கிறார்கள். 2018இல் ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகங்களின் ஆய்வு மையம் ஒன்றில் 55 அரிய ஸ்காட்ச் பாட்டில்களைக் கார்பன் காலக்கணிப்புக்கு உட்படுத்தியபோது 21 போலி, அல்லது சொன்ன ஆண்டில் வடிக்காதவை என்று தெரிந்தது. ஸ்காட்ச்சுக்கு நடப்பது போர்பனுக்கு நடக்காது என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை. வரிப் பட்டை மூடியின் விளிம்பில் அறுபட்டிருக்கிறதா, பெயர்த்து மறுபடி ஒட்டிய தடம் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். பாட்டில் யார் வீட்டிலிருந்து வருகிறது என்று ஏல நிறுவனத்திடம் கேளுங்கள். "தனியார் சேகரிப்பு" என்ற இரண்டு சொற்கள் பதில் ஆகாது.

அடுத்து, திரவ மட்டம். விஸ்கி பாட்டிலுக்குள் முதிர்வதில்லை. 6 ஆண்டு பீப்பாயில் இருந்தது, இன்னும் அறுபது ஆண்டு கழித்தும் 6 ஆண்டு விஸ்கிதான். ஆனால் மூடி தளர்ந்தால் ஆவியாகும். ஆல்கஹாலும் மணமும் போகும். மட்டம் கழுத்தில் இருந்தால் நல்லது. தோளுக்குக் கீழே இறங்கியிருந்தால் விலையைப் பாதியாக எண்ணிக்கொள்ளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்த படத்தில் கலங்கலாகத் தெரிந்தாலும் அப்படியே. வாங்கினால் வைன்போலப் படுக்க வைக்காதீர்கள். நிமிர்த்தி, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

இப்போது பணக் கணக்கு. எண்கள் எடுத்துக்காட்டுக்காக, உங்கள் ஏல நிறுவனத்தின் விகிதங்களை அவர்களுடைய விதிமுறையில் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். ஏலம் 1,000 டாலரில் முடிகிறது. வாங்குபவர் கட்டணம் 20% என்றால் 1,200. விற்பனை வரி 6% சேர்த்தால் 1,272. அனுப்பும் செலவும் காப்பீடும் 50. ஆக, 1,322 டாலர். விற்கும்போது ஏல நிறுவனம் உங்களிடம் 10% எடுத்துக்கொண்டால், போட்ட முதல் திரும்புவதற்கே ஏலம் 1,469 டாலரில் முடிய வேண்டும். ஐந்தாண்டில் அந்த விலையை எட்ட ஆண்டுக்கு ஏறக்குறைய 8% ஏற வேண்டும். அப்போதும் உங்கள் லாபம் பூஜ்யம். அதற்கு மேல் கிடைக்கும் லாபத்துக்கு, ஓராண்டுக்கு மேல் வைத்திருந்தாலும், சேகரிப்புப் பொருளுக்கு உரிய உச்ச வரி விகிதம் 28%. பங்குகளின் நீண்டகால ஆதாயத்துக்கு உச்சமே 20%தான். நடுத்தர வருமானக்காரர்கள் பலருக்கு 15%. பங்கு ஈவுத்தொகை தரலாம். பாட்டில் வீட்டுக் காப்பீட்டில் ஒரு கூடுதல் பதிவைத்தான் கேட்கும்.

விற்கும் வழியும் குறுகியது. உரிமம் இல்லாத தனிநபர் இன்னொரு தனிநபருக்கு மதுபானம் விற்பது அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் சட்டவிரோதம். சமூக வலைத்தளக் குழுக்களில் தினமும் நடக்கிறதே என்பீர்கள். நடப்பதால் அது சட்டப்படி ஆகிவிடாது. பணமோ பாட்டிலோ வராமல் போனால் புகார் செய்யவும் முடியாது. நீங்கள் கென்டக்கியில் இருப்பது ஒரு வசதி. 2018 ஜனவரி முதல் நடப்பில் உள்ள அம்மாநிலச் சட்டப்படி, வழக்கமான மொத்த விற்பனையில் கிடைக்காத பழைய பாட்டில்களை உரிமம் பெற்ற கடைகளும் மதுக்கூடங்களும் தனிநபரிடமிருந்து வாங்கலாம். ஆனால் அவர்கள் லாபம் வைத்து விற்க வேண்டும் என்பதால், ஏல விலையைவிடக் குறைவாகத்தான் கேட்பார்கள். ஏலத்துக்கு முன்பே அத்தகைய கடை ஒன்றுக்குப் போய், இதே பாட்டில் இதே நிலையில் இருந்தால் எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டுவிடுங்கள். அந்த எண் உங்கள் மோகத்தை எந்த அறிவுரையையும்விட விரைவாகத் தணிக்கும்.

என் தீர்ப்பு இது. மகளின் கல்லூரிக்கான பணம் இந்த ஏலத்துக்குள் நுழையவே கூடாது. ஆறு மாதக் குடும்பச் செலவு வங்கியில் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் 6,000 முழுவதும் அங்கே போகட்டும். இருந்தால், 5,000 டாலரை மகளின் பெயரில் 529 கல்விச் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். மீதி 1,000 உங்கள் ஆசைக்கு. அதை முதலீடு என்று கணக்கில் எழுத வேண்டாம். மனைவிக்கும் அப்படியே சொல்லி, அவர் சம்மதத்தோடு செலவழியுங்கள்.

மேலே சொன்ன விகிதங்களின்படி, கையைவிட்டுப் போகும் மொத்தம் 1,000 டாலருக்குள் நிற்க, ஏலக் கேட்பு 745 டாலரில் நிற்க வேண்டும். அந்த எண்ணை ஏல நிறுவனத்தின் தளத்தில் உச்சவரம்பாக முன்கூட்டியே பதிந்துவிடுங்கள். கடைசி நிமிடத்தில் திரையின் முன் உட்காராதீர்கள். அதற்கு முன், வரிப் பட்டையின் இரு பக்கம், பாட்டிலின் அடிப்பகுதி, பின்னால் விளக்கு வைத்துத் திரவ மட்டம் என்று தெளிவான படங்களைக் கேட்டு இன்றே எழுதுங்கள். ஏல நாளுக்குள் படங்கள் வரவில்லை என்றால் எந்த எண்ணையும் பதிய வேண்டாம்.