மடகாஸ்கரின் கல்மீன்கள்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, மடகாஸ்கரில் கிடைக்கும் 25 கோடி ஆண்டுப் பழைமையான மீன்களின் உறவினங்கள் கிரீன்லாந்திலும் கிடைப்பதாகப் படித்தேன். தனித்துக் கிடக்கும் தீவுக்கும் வடதுருவத்தை ஒட்டிய நிலத்துக்கும் இது எப்படிப் பொருந்தும்?

பதில்: அன்று மடகாஸ்கர் தீவாகவே இல்லை. டிரையாசிக் காலத் தொடக்கத்தில் கண்டங்கள் யாவும் பாஞ்சியா என்ற ஒரே பெருநிலமாக இணைந்திருந்தன. மடகாஸ்கர் ஆப்பிரிக்காவிலிருந்து விலகத் தொடங்கியது ஏறத்தாழ 16 கோடி ஆண்டுகளுக்கு முன்பும், இந்தியா அதனிடமிருந்து பிரிந்தது ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன்பும்தான். நீங்கள் சொல்லும் மீன்களான வைட்டியா, பாபசட்ரேனியா போன்றவை கடலில் வாழ்ந்தவை. கரையோரமாகவே வெகுதூரம் பரவ அவற்றுக்குத் தடையில்லை. ஆகவே இப்புதைபடிவங்களைக் கொண்டு தீவின் தனிமையைப் பற்றிப் பேசுவது பொருந்தாது.

கேள்வி: அந்தக் கற்களைப் பிளந்தால் எலும்பே இல்லாமல் வெறும் பள்ளம் தெரிகிறதே, அவை போலியா?

பதில்: போலி என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். வடமேற்கு மடகாஸ்கரின் கல்லுருண்டைகள் பிளக்கும்போது, மீனின் அச்சு இரு பாதியிலும் எதிரெதிராக அமைந்திருக்கும். பலவற்றில் எலும்பு கரைந்துபோய் அச்சு மட்டுமே எஞ்சியிருக்கிறது. அதில் நீர்ம ரப்பரை ஊற்றி, இறுகியபின் உரித்தெடுத்தால், செதில்மேல் ஓடும் மெல்லிய வரிகள்கூட மேடாக எழுந்து நிற்கும். பழகாத கண்ணுக்குப் பள்ளம் மேடாகத் தோன்றுவதுண்டு. விளக்கை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்துப் பாருங்கள்.

கேள்வி: அழிந்துவிட்டதாகக் கருதப்பட்டு 1938-இல் தென்னாப்பிரிக்காவில் உயிரோடு பிடிபட்ட சீலகாந்து என்ற மீனுக்கு வைட்டியா மூதாதையா?

பதில்: இல்லை, இரண்டும் ஒரே குலத்தின் வெவ்வேறு கிளைகள்.

கேள்வி: கேரளத்தார் கரிமீன் என்றழைக்கும் எட்ரோப்ளஸுக்கு மிக நெருங்கிய உறவு மடகாஸ்கரின் பாரெட்ரோப்ளஸ் என்கிறார்கள். தென்கண்டங்களும் இந்தியாவும் இணைந்திருந்த கோண்டுவானா பெருநிலம் பிளந்தபோதே இவை பிரிந்தன என்பதற்கு இதுவே போதிய சான்றாகாதா?

பதில்: அழகான வாதம்தான், நானும் பல ஆண்டுகள் அதை நம்பியிருந்தேன். இரண்டும் சிக்லிட் குடும்பத்தவை, நிலத்துண்டுகள் பிரிந்த வரிசையும் அவற்றின் உறவுமுறையும் அச்சுப் பிசகாமல் ஒத்துப்போகின்றன. இடிப்பது காலம். உறுதியாக அறியப்பட்ட மிகப் பழைய சிக்லிட் படிவங்கள் தான்சானியாவின் மகெங்கேயில் கிடைத்த, ஏறத்தாழ 4.6 கோடி ஆண்டுப் பழைமையானவை. மரபணு வேறுபாட்டையும் படிவங்களின் பரவலையும் சேர்த்துக் கணித்த 2013-ஆம் ஆண்டு ஆய்வு, குடும்பத்தின் தோற்றத்தையே 6.5 முதல் 5.7 கோடி ஆண்டுகளுக்கு முன்பாக வைக்கிறது. அதற்குள் இந்தியா பிரிந்து போயாயிற்று. இதை ஏற்பவர்கள், உவர்நீரைத் தாங்கும் மீன்கள் கடலைக் கடந்தன என்கிறார்கள். எட்ரோப்ளஸ் கழிமுக உவர்நீரில் இயல்பாக வாழ்வதால், எனக்கு அந்த விளக்கம் வலிந்து சொன்னதாகப் படவில்லை.

கேள்வி: அப்படியானால் மடகாஸ்கரிலேயே பழைய சிக்லிட் படிவத்தைத் தேடினால் வழக்கு தீர்ந்துவிடுமே?

பதில்: தேடப் பாறை வேண்டுமே! கிரெட்டேசியஸ் காலத்தின் முடிவுக்கும் (ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு) பிளைஸ்டோசீன் காலத்தின் இறுதிக்கும் (சில பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு) இடையே, அத்தீவின் நிலத்திலும் நன்னீரிலும் வாழ்ந்த முதுகெலும்பிகளின் படிவப் பதிவு ஏறக்குறைய வெற்றிடமாக இருக்கிறது. அந்த வெற்றிடத்துக்கு முந்தைய காலப் பாறைகள் உள்ள, வடமேற்கு மடகாஸ்கரின் மஹஜங்கா படுகையிலோ, ஏறத்தாழ 7 கோடி ஆண்டுப் பழைமையான அடுக்குகளில் கார் (gar) எனப்படும் நீள்தாடை மீனின் எச்சங்கள் கிடைத்து, 1998-இல் விவரிக்கப்பட்டன. இன்று அம்மீன் வட, நடு அமெரிக்காவிலும் கியூபாவிலும் மட்டுமே வாழ்கிறது. இப்போதைய பரவலை மட்டும் பார்த்திருந்தால், மடகாஸ்கரில் அதைத் தேட யாருக்கும் தோன்றியிராது.