மன அமைதி தேடி கன்னியாகுமரி போகலாமா?
யோகா பழக, ஊர் சுற்ற, கொஞ்சம் தன்னையே யோசித்துப் பார்க்க கன்னியாகுமரி சரிப்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சரிப்படும், ஆனால் சூரிய உதயம் பார்க்க முண்டியடிக்கும் கூட்டத்தில் அல்ல. விவேகானந்தர் 1892 டிசம்பரில் தியானம் செய்த பாறையில் இப்போது தியான மண்டபம் இருக்கிறது. (படகு வரிசையில் நிற்கும் பொறுமையே பாதி யோகா!) முறையாகப் பழக, விவேகானந்தபுரத்தில் விவேகானந்த கேந்திரம் யோகா முகாம் நடத்துகிறது.

என் தேர்வு பக்கத்தில் இருக்கும் மருந்துவாழ்மலைதான். கேரளத்தின் ஆன்மிகச் சீர்திருத்தவாதி நாராயண குரு தவம் இருந்த குகை அங்கே இருக்கிறது. வெயிலுக்கு முன்பே ஏறிவிடுங்கள், தண்ணீர் எடுத்துப் போங்கள். அப்புறம் சுவாமிதோப்பு. அங்கே அய்யாவழியின் நிறுவனர் அய்யா வைகுண்டரின் பதியில் (வழிபாட்டுத் தலத்தில்) சிலை கிடையாது, கண்ணாடிதான். கும்பிடும்போது எதிரே தெரிவது உங்கள் முகமே. ஆண்கள் சட்டையைக் கழற்றி, தலைப்பாகை கட்டித்தான் உள்ளே போக வேண்டும்.