எரிபொருள் முள் அடியைத் தொட்ட பிறகு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ரிசர்வ் விளக்கு எரிந்த பிறகு என் ஸ்விஃப்ட் காரை எத்தனை கிலோமீட்டர் வரை நம்பி ஓட்டலாம்? ஒருவர் ஐம்பது என்கிறார், இன்னொருவர் நூறு என்கிறார். (சேலம் வாசகர்)

இருவரும் தத்தம் காரில், தாம் சென்ற சாலையில் கண்டதையே சொல்லியிருக்கலாம். உங்கள் காருக்கு அது பொருந்த வேண்டியதில்லை. டேங்குக்குள் இருக்கும் மிதவை எரிபொருள் மட்டத்துடன் ஏறி இறங்கி, தன்னோடு இணைந்த மின்தடையை மாற்றுவதால்தான் முள் நகர்கிறது. டேங்க் ஒழுங்கான வடிவில் இருப்பதில்லை என்பதாலும், சரிவில் நிற்கும்போது மட்டம் ஒரு பக்கம் சாய்வதாலும், அடிப்பகுதியில் முள் காட்டுவது ஒரு மதிப்பீடு மட்டுமே. பல கார்களில் கொள்ளளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மீதமிருக்கும்போது விளக்கு எரிகிறது. உங்கள் 37 லிட்டர் டேங்கில் அது 4 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. நெரிசலில் லிட்டருக்கு 12 கிலோமீட்டர்தான் கிடைக்கும் என்றும், கடைசியில் தங்குவதைப் பம்ப் முழுமையாக உறிஞ்சாது என்றும் கணக்கிட்டால், 30 கிலோமீட்டருக்குள் பங்க்கை அடைந்துவிடுவதே சரி. திரையில் தெரியும் 'இன்னும் இவ்வளவு தூரம்' என்ற எண்ணும் நீங்கள் அண்மையில் ஓட்டிய மைலேஜை வைத்துப் போட்ட கணக்குதான். நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் நுழைந்தவுடன் அது மளமளவெனக் குறையும்.

டேங்க் காலியாகும்வரை ஓட்டினால் அடியில் தங்கிய கசடு இன்ஜினுக்குள் போய்விடும் என்கிறார் என் மெக்கானிக். உண்மையா? (மதுரை வாசகர்)

டேங்க் நிறைந்திருந்தாலும் குறைந்திருந்தாலும் பம்ப் அடியிலிருந்துதான் உறிஞ்சுகிறது. அதன் வாயில் வலைச் சல்லடையும், அதற்கப்பால் ஃபில்டரும் இருக்கின்றன. நன்கு பராமரிக்கப்பட்ட காரில் கசடு பெரிய அச்சம் அல்ல. நான் உண்மையில் கவலைப்படுவது பம்ப்பைப் பற்றித்தான். இன்றைய பெட்ரோல் கார்களில் மின் பம்ப் டேங்குக்குள்ளேயே அமைந்திருக்கிறது. தன் வழியாக ஓடும் பெட்ரோலால்தான் அது குளிர்கிறது, அதனால்தான் அதன் உட்பாகங்கள் தேயாமல் சுழல்கின்றன. பெட்ரோல் தீர்ந்து காற்றை உறிஞ்சத் தொடங்கினால், சில நிமிடங்களிலேயே அது சூடேறித் தேயும். ஒரே முறையில் பழுதாகாமல் போகலாம். ஆனால் வழக்கமாக அடிமட்டத்திலேயே ஓட்டுபவரின் பம்ப் விரைவில் ஆயுளை இழக்கும். எரிபொருள் விட்டுவிட்டு வரும்போது இன்ஜின் துடிப்புத் தவறி, எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் நச்சுப் புகையைக் குறைக்கும் வினையூக்கி மாற்றியை அடைந்து, அங்கே எரிந்து அதைக் கெடுப்பதும் உண்டு. கால் டேங்க் ஆனவுடன் நிரப்புவதால் கூடுதல் செலவு எதுவும் இல்லை. பம்ப்பை மாற்றும் செலவோ பெரிது.

டீசல் காரிலும் இதே நிலைதானா? (நாமக்கல் வாசகர்)

அதைவிட மோசம். டீசல் தீர்ந்தால் குழாய்களில் காற்றுப் பிடித்துக்கொள்ளும். மீண்டும் ஊற்றிச் சாவியைத் திருப்பினாலும் இன்ஜின் கிளம்பாமல் போகலாம். கை பம்ப் உள்ள வண்டிகளில் அதை அழுத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். எல்லா சிலிண்டர்களுக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் தரும் காமன் ரெயில் இன்ஜின்களில் உயரழுத்தப் பம்ப்புக்கு டீசலே மசகு எண்ணெய். அது வறண்டு ஓடினால் தேய்ந்த உலோகத் துகள்கள், எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் வரை சென்றுவிடும். கிளம்பாத வண்டியில் செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்காமல் மெக்கானிக்கை அழையுங்கள்.

கொல்லிமலையிலிருந்து இறங்கும்போது எரிபொருளை மிச்சப்படுத்த நியூட்ரலில் விடலாமா? (ராசிபுரம் வாசகர்)

தயவுசெய்து விடாதீர்கள். கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்ஜினின் கணினி இன்ஜெக்டர்களை மூடிவிடுகிறது. சக்கரங்களே இன்ஜினைச் சுழற்றுவதால் அந்த நேரத்தில் எரிபொருள் செலவாவதில்லை. நியூட்ரலில் விட்டாலோ இன்ஜின் அணையாமல் இருக்கவே எரிபொருள் வேண்டும். அத்துடன் இன்ஜினே வேகத்தைக் குறைத்துத் தரும் இன்ஜின் பிரேக்கிங்கையும் இழந்து, எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மட்டுமே நம்ப வேண்டியதாகிவிடும். சூடேறிய பிரேக் பிடிக்காமல் போவது இப்படித்தான். குறைந்த எரிபொருளுடன் மலை ஏறுவதும் கூடாது. செங்குத்தான ஏற்றத்தில் மீதமுள்ள பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப்புக்கு எட்டாமல் போகலாம்.

37 லிட்டர் டேங்கில் 39 லிட்டர் ஊற்றியதாக பில் தந்தார்கள். ஏமாற்றப்பட்டேனா? (திருச்சி வாசகர்)

அப்படி உடனே முடிவுகட்ட வேண்டாம். கையேட்டில் சொல்லும் கொள்ளளவு, எரிபொருள் விரிவடைவதற்கான காலியிடத்தைத் தவிர்த்தது. நாசில் தானாக நின்ற பிறகும் விளிம்புவரை நிரப்பினால் கூடுதலாகவே கொள்ளும். ஆனாலும் ஐயம் இருந்தால், பங்க்கில் வைத்திருக்க வேண்டிய முத்திரையிட்ட 5 லிட்டர் அளவையில் ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை.

நான்குவழிச் சாலையில் போய்க்கொண்டிருக்கும்போதே எரிபொருள் தீர்ந்தால் என்ன செய்வது? (விழுப்புரம் வாசகர்)

இன்ஜின் இடறத் தொடங்கியதுமே எச்சரிக்கை விளக்குகளைப் போட்டு, மீதமுள்ள வேகத்திலேயே இடது ஓரத்துக்கு வாருங்கள். இன்ஜின் நின்ற பிறகு பிரேக்கை எளிதாக மிதிக்க இன்ஜின் தரும் வெற்றிட உதவி ஓரிரு அழுத்தங்களுக்கே மிஞ்சும். விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே சீராக அழுத்துங்கள். ஸ்டீயரிங் கனக்கலாம். வண்டி முழுவதும் நிற்கும்வரை சாவியை எடுக்காதீர்கள். எடுத்தால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். பிறகு அனைவரும் இறங்கித் தடுப்புக் கம்பிக்கு அப்பால் நின்று, நெடுஞ்சாலை உதவி எண் 1033-ஐ அழையுங்கள்.

அவசரத்துக்கு டிக்கியில் ஒரு பாட்டில் பெட்ரோல் வைத்துக்கொள்ளலாமா? (வேலூர் வாசகர்)

வேண்டவே வேண்டாம். வெயிலில் நிற்கும் காருக்குள் பெட்ரோல் ஆவி பாட்டிலை உப்பவைத்துக் கசியும். அது தீப்பிடிக்க ஒரு சிறு பொறி போதும்.