மெட்டா அனாலிசிஸ் சொல்லும் முடிவை அப்படியே நம்பிச் சிகிச்சை அளிக்கலாமா?

நீங்கள் ஏற்காட்டில் செவிலியராக இருப்பதாகவும், குறைமாதப் பிரசவத்துக்கு முன் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி பற்றிய மெட்டா அனாலிசிஸை, அதாவது பல ஆய்வுகளின் முடிவுகளை ஒரே கணக்காகச் சேர்க்கும் தொகுப்பைப் படித்துக் குழம்பியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சேலத்தில் செவிலியர் மாணவிகளுக்கு ஆய்வுக் கட்டுரை வாசிக்கப் பயிற்சி தருபவன் என்ற முறையில், அந்த ஊசியை வைத்தே பதில் சொல்கிறேன்.

அத்தொகுப்பின் முடிவுகளைக் காட்டும் ஃபாரெஸ்ட் பிளாட் படத்தில் ஒவ்வொரு வரியும் ஓர் ஆய்வு. சதுரம் அதன் முடிவையும், சதுரத்தின் பருமன் கூட்டுக் கணக்கில் அதற்குள்ள எடையையும், குறுக்குக் கோடு 95 சதவீத நம்பக இடைவெளியையும் (உண்மையான பலன் இருக்கக்கூடிய வரம்பை) காட்டும். அடியிலுள்ள வைரம் அனைத்தும் சேர்ந்த முடிவு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து வெளியிடும் காக்ரேன் அமைப்பின் சின்னமே இந்த ஊசி பற்றிய ஆய்வுகளின் படம்தான். 1972இல் நியூசிலாந்தின் லிக்கின்ஸ், ஹோவி வெளியிட்ட ஆய்வு தொடங்கி, தனித்தனியே பார்த்தால் பெரும்பாலும் உறுதியாக எதுவும் சொல்லாத சில ஆய்வுகள், ஒன்றுசேர்ந்தபோது ஊசி குழந்தைகளைக் காப்பாற்றுகிறது என்று தெளிவாகக் காட்டின. இந்த முறையை நான் பெரிதும் மதிப்பது இதனால்தான்.

ஆனாலும் வகுப்பில் வைரத்தைக் கையால் மறைத்துவிட்டு, மேலுள்ள வரிகளை முதலில் படிக்கச் சொல்வேன். வேறுபாடு இல்லை என்பதைக் குறிக்கும் செங்குத்துக் கோட்டுக்குச் சதுரங்கள் ஒரே பக்கம் சாய்கின்றனவா, ஆளுக்கொரு திசையில் சிதறுகின்றனவா? சிதறல் மிகுந்தால் அந்தச் சராசரி எந்த நோயாளிக்கும் பொருந்தாமல் போகலாம். வெளிவராமல் போன ஆய்வுகளையும் மறக்கக் கூடாது; பலன் காட்டாத சிறு ஆய்வுகள் வெளிவராமல் போனால், தொகுத்த கணக்கு பலனை மிகைப்படுத்தும். மாரடைப்புக்கு மக்னீசியம் ஊசி மரணத்தை வெகுவாகக் குறைக்கும் என்று சிறு ஆய்வுகளைத் தொகுத்த கணக்கு 1991இல் காட்டியது. 1995இல் வெளியான, 58,050 பேர் பங்கேற்ற ஐசிஸ்-4 ஆய்வில் அந்தப் பலன் தென்படவில்லை.

உங்கள் ஊருக்கு மிக முக்கியமான கேள்வி, அந்த வரிகளில் இருந்த தாய்மார் யார் என்பதே. தொடக்ககால ஆய்வுகள் பெரும்பாலும் வசதி மிகுந்த நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்தவை. இந்தியா உட்பட ஆறு நாடுகளில், அடிமட்டச் சுகாதார நிலையங்கள் வரை ஊசியைக் கொண்டுசென்ற ஆக்ட் ஆய்வின் முடிவு 2015இல் வந்தபோது, எடை மிகக் குறைந்த குழந்தைகளின் மரணம் குறையவில்லை. எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்தால் மரணம் கூடியிருந்தது. ஊசி பெற்ற தாய்மாரில் பெரும்பாலோருக்கு அவ்வளவு எடை குறைந்த குழந்தை பிறக்கவே இல்லை. அதன்பின் 2020இல், ஸ்கேன் மூலம் கர்ப்ப வாரத்தை உறுதிசெய்து, மருத்துவமனைகளில் மட்டும் நடத்திய ஆக்‌ஷன் ஆய்வில், சிசு மரணம் நூற்றுக்கு 23.5இலிருந்து 19.6ஆகக் குறைந்தது. 16 சதவீதக் குறைவு என்பதும், ஏறத்தாழ 25 தாய்மாருக்கு ஊசி போட்டால் ஒரு குழந்தை பிழைக்கும் என்பதும் இதே கணக்குதான். குடும்பத்தாரிடம் பேசும்போது இரண்டாவதைச் சொல்லுங்கள்.

ஊசி ஒன்றுதான், அது போடப்பட்ட சூழல் வேறு. அதனால்தான் உலகச் சுகாதார நிறுவனம், கர்ப்ப வாரம் சரியாகத் தெரிந்து, தாய்க்குத் தொற்று இல்லாமல், பிரசவத்தையும் குறைமாதக் குழந்தையையும் பராமரிக்க வசதி இருந்தால் போடலாம் என்று நிபந்தனை வைக்கிறது. சேர்வராயன் மலைக் கிராமத்திலிருந்து கடைசி மாதவிடாய்த் தேதி நினைவில்லாத ஒரு பெண் வலியோடு வந்தால், இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்துதான் சேலத்துக்கு இறங்க வேண்டும் என்ற நிலையில், ஊசியை எங்கே, எப்போது போடுவது என்பதை மருத்துவர் முடிவுசெய்வார். அவர் முதலில் கேட்பது வாரக் கணக்கைத்தான். முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன்படி பிரசவத் தேதி அட்டையில் பதிவாகியிருக்கும்படி பார்த்துக்கொள்வது உங்கள் கையில் இருக்கிறது.