பில் புத்தகத்தை விடாத பழைய ஊழியர்கள்: கண்டிப்பதா, ஆளை மாற்றுவதா?

கேள்வி: மலேசியாவில், பினாங்கு ஜார்ஜ் டவுனில் அப்பா ஆரம்பித்த மளிகை மொத்த வியாபாரத்தை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். இருபது பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள். 2025 ஜூலையில் இ-இன்வாய்ஸ், அதாவது பில்லைக் கணினி வழியாக வருமான வரி வாரியத்துக்கு அனுப்பி ஏற்கவைக்கும் முறை, எங்களுக்கும் கட்டாயமானது. புதிய மென்பொருள் வாங்கி, இரண்டு தடவை பயிற்சியும் கொடுத்துவிட்டோம். ஆனால் கவுண்டரில் இருக்கும் மூத்தவர்கள் இன்னும் கார்பன் பில் புத்தகத்தில்தான் எழுதுகிறார்கள். சாயங்காலம் ஒரு பெண் உட்கார்ந்து எல்லாவற்றையும் கணினியில் ஏற்றுகிறார். அப்பா காலத்து அங்கிள் ஒருவரிடம் கேட்டால் “பார்க்கலாம்மா” என்பார், அதோடு சரி. கண்டிப்பு காட்டட்டுமா, ஆளை மாற்றட்டுமா?

பதில்: இரண்டும் வேண்டாம். மூன்றாவது பயிற்சியும் இப்போதைக்கு வேண்டாம்.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். அந்த அங்கிள் வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கிறாரா? அநேகமாக எடுப்பார். போன் திரை பழகியவருக்குக் கணினித் திரை மட்டும் ஏன் ஆகவில்லை? எந்தக் கடைக்கு எந்த விலை, யாருக்கு எத்தனை நாள் கடன், புக்கிட் மெர்தாஜாம் போகும் லாரியில் எந்தச் சரக்கு முதலில் ஏற வேண்டும் என்பதெல்லாம் இத்தனை வருஷமாக அவர் தலையில் இருந்தது. அவரைக் கேட்காமல் கடையில் எதுவும் நகராது. மென்பொருள் வந்த பிறகு அதெல்லாம் யாரும் தட்டிப் பார்க்கும் தகவலாகிவிட்டது. போதாததற்கு, மகள் வயதுப் பெண்ணிடம் போய் “இதை எங்கேம்மா அழுத்தணும்” என்று வாடிக்கையாளர் முன்னால் கேட்க வேண்டியிருக்கிறது. நிர்வாகவியல் அறிஞர் எட்கர் ஷைன் இதைக் கற்கும் அச்சம் என்றார். கொஞ்ச காலத்துக்காவது ஒன்றும் தெரியாதவராக நிற்க வேண்டுமே என்ற பயம் அது. “மாறாவிட்டால் வேலை போய்விடும்” என்று மிரட்டினால் அந்தப் பயத்தோடு இன்னொரு பயம்தான் சேரும்.

மாற்றம் பற்றிய ஆய்வுகளுக்கு அடித்தளம் போட்ட கர்ட் லெவின் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். ஓர் இடத்தின் நடைமுறையை முன்னே தள்ளும் விசைகளும் உண்டு, பின்னே இழுக்கும் விசைகளும் உண்டு. தள்ளும் பக்கத்தைக் கூட்டினால் இறுக்கமும் கூடும். இழுக்கும் பக்கத்தைத் தளர்த்தினால் அதே மாற்றம் சண்டையில்லாமல் நடக்கும்.

உங்கள் விஷயத்துக்கு மிக நெருக்கமான ஆய்வு 1948-ல் வந்தது. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் ஹார்வுட் என்ற பைஜாமா தொழிற்சாலை. வேலை முறையை மாற்றினாலே உற்பத்தி சரியும், ஆட்கள் வேலையை விட்டுப் போவார்கள். லெஸ்டர் காக், ஜான் ஃபிரெஞ்ச் என்ற இருவர் ஊழியர்களைக் குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம் மாற்றத்தை அறிவித்து, காரணத்தையும் விளக்கினார்கள், அவ்வளவுதான். மற்றக் குழுக்கள் நேரடியாகவோ பிரதிநிதிகள் மூலமாகவோ புதிய முறையை வகுப்பதில் பங்கெடுத்தன. அறிவிப்பு மட்டும் கேட்ட குழுவில் முதல் 40 நாளில் 17 சதவீதம் பேர் விலகினார்கள், உற்பத்தியும் மீளவில்லை. பங்கெடுத்த குழுக்களில் அந்த நாட்களில் ஒருவர்கூட விலகவில்லை, வேகமும் சீக்கிரம் திரும்பியது. இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அடுத்து நடந்ததுதான். இரண்டரை மாதம் கழித்து, முதல் குழுவில் மிஞ்சியவர்களை வேறொரு வேலைக்கு மாற்றியபோது அவர்களையும் கலந்துபேச வைத்தார்கள். அதே ஆட்கள், இந்த முறை சண்டையில்லாமல் வேகமாகத் தேறினார்கள். ஆளை மாற்ற நினைக்கும் எந்த முதலாளிக்கும் நான் முதலில் சொல்வது இந்த ஆய்வைத்தான்.

சரி, இனி உங்கள் கடைக்கு வருவோம். கவுண்டர் ஆட்களை ஒரு காலை, லாரி ஏறும் அவசரம் முடிந்த பிறகு, உட்கார வையுங்கள். இ-இன்வாய்ஸ் வேண்டுமா வேண்டாமா என்பது பேச்சிலேயே இல்லை, அது சட்டம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். முடிவு எடுத்த விஷயத்தில் கருத்துக் கேட்பதுபோல் நடிப்பது, கேட்காமல் இருப்பதைவிட மோசம். ஆனால் கணினியை எங்கே வைப்பது, பொருள்களின் பெயரைத் திரையில் எப்படிப் போடுவது, கூட்டம் நெரியும் நேரத்தில் யார் தட்டச்சு செய்வது, எந்த வாடிக்கையாளரில் தொடங்குவது எல்லாம் அவர்கள் முடிவாக இருக்கட்டும். அவர்கள் சொல்வதில் இரண்டையாவது மறுநாளே செய்து காட்டுங்கள். வாடிக்கையாளர் விலைப் பட்டியலைச் சரிபார்க்கும் பொறுப்பை அங்கிளிடமே கொடுங்கள், அவர் ஒப்புதல் இல்லாமல் விலை மாறக் கூடாது. மரியாதைக்காகச் சொல்லவில்லை, அந்தப் பட்டியலில் எது தப்பு என்று கண்டுபிடிக்கக்கூடியவர் உண்மையிலேயே அவர்தான்.

தப்பாக அழுத்திவிட்டால் வருமான வரி வாரியத்திடம் மாட்டிக்கொள்வோம் என்ற பயமும் நிச்சயம் இருக்கும். இதை யாராவது அவர்களிடம் நிதானமாக விளக்கினார்களா? வாரியம் சரிபார்த்து ஏற்ற இன்வாய்ஸை 72 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். அது தாண்டிவிட்டால், தொகையைக் குறைக்கும் கிரெடிட் நோட், கூட்டும் டெபிட் நோட் போன்றவற்றால் திருத்திக்கொள்ளலாம். வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள். தப்பு நேர்ந்த முதல் நாளிலேயே, அவர்கள் கண் முன்னால், நீங்களே ரத்து செய்து காட்டுங்கள்.

அப்புறம், கொஞ்சம் சங்கடமான கேள்வி. உங்கள் அப்பா இன்னும் சாயங்காலம் கடைக்கு வந்து பில் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கிறாரா? அப்படியென்றால் ஊழியர்கள் யார் சொல்லைக் கேட்கிறார்கள் என்பது விளங்குகிறது. மாற்றத்தை வழிநடத்தச் செல்வாக்குள்ள ஒரு கூட்டணி வேண்டும் என்று நிர்வாகவியல் பேராசிரியர் ஜான் காட்டர் 1995-ல் எழுதினார். குடும்ப வியாபாரத்தில் அந்தக் கூட்டணி வீட்டில்தான் ஆரம்பிக்கிறது. கணக்கை அவர் திரையில் கேட்கட்டும். பத்து பயிற்சி வகுப்பு செய்யாததை அது செய்யும்.

பழக்கமான சில வாடிக்கையாளரோடு தொடங்கி, ஓடுகிறது என்று தெரிந்ததும் மற்றவர்களுக்கு விரியுங்கள். பில் புத்தகம் எந்தத் தேதியோடு நிற்கும் என்பதையும் அவர்களே சொல்லட்டும். அந்தத் தேதியில் புத்தகம் கவுண்டரில் இருக்கக் கூடாது. இருந்தால் கை அதற்குத்தான் போகும். சாயங்காலம் தட்டச்சு செய்யும் பெண்ணுக்கும் அன்றே வேறு வேலை கொடுங்கள். அவர் அங்கே உட்கார்ந்திருக்கும்வரை மற்றவர்கள் கற்க எந்த அவசியமும் இல்லை.

அதற்குப் பிறகும் ஒருவர் எழுதினால், அப்போது கண்டிக்கலாம், தனியாக அழைத்து. கவுண்டர் அவருக்கு இனி ஒத்துவராது என்று தெரிந்தால், கொள்முதலிலோ சரக்கு சரிபார்ப்பிலோ சம்பளம் குறையாமல் இடம் கொடுங்கள்.