கேளுங்கள் சொல்கிறேன்: தெஹ்ரான் சிறையும் ஓர் இரானிய இளைஞரும்

கேள்வி: கூலிப்படை சிறையை உடைத்து ஆட்களை மீட்கப் போகும், கூட இருப்பவனே காட்டிக்கொடுப்பான். சினிமாவில் பார்த்துச் சலித்துவிட்டது. நிஜத்தில் நடந்ததுண்டா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: மீட்கப் போனது நிஜம். ஆனால் எந்த ஆளைச் சந்தேகப்படத் தோன்றுமோ, அவர்தான் காப்பாற்றினார்.

1978 டிசம்பர் 28 அன்று, தெஹ்ரானில் இ.டி.எஸ். என்ற அமெரிக்க கம்ப்யூட்டர் நிறுவனத்தின் அதிகாரிகள் இருவரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். ஜாமீன், 1 கோடியே 27 லட்சத்து 50 ஆயிரம் டாலர்! முதலாளி ராஸ் பெரோ, ஓய்வுபெற்ற கர்னல் 'புல்' சைமன்ஸைக் கூப்பிட்டார். 1970-ல், வியட்நாம் போரின்போது, அமெரிக்கப் போர்க்கைதிகளை மீட்க ஹனோய்க்குப் பக்கத்தில் சோன் டே சிறைமுகாமில் இறங்கிய படைக்குத் தலைவர் அவர். அங்கிருந்த கைதிகளை அதற்கு முன்பே இடம் மாற்றியிருந்தார்கள். பெரோ கொடுத்த இந்தத் தெஹ்ரான் வேலைக்கு சைமன்ஸ் காசு வாங்கவில்லை. உடன் போனவர்களும் கூலிப்படையினர் அல்ல, அதே கம்பெனி ஊழியர்கள். பலர் முன்னாள் ராணுவத்தினர்.

டெக்சாஸில் ஒத்திகை பார்த்துவிட்டு வந்தால், இருவரையும் கஸ்ர் என்ற பெரிய சிறைக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு சின்னக் குழுவால் ஆகிற காரியமில்லை அது. மன்னர் ஷாவின் ஆட்சிக்கு எதிரான புரட்சி வெடித்தால் ஜனங்களே சிறையை உடைப்பார்கள் என்று சைமன்ஸ் காத்திருந்தார். 1979 பிப்ரவரி 11 அன்று அப்படியே நடந்தது. ஆயிரக்கணக்கான கைதிகளோடு இருவரும் வெளியே வந்தார்கள்.

இ.டி.எஸ்.ஸில் வேலை பார்த்த இரானிய இளைஞர் ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருந்தார். கூட்டத்தைச் சிறைப் பக்கம் திருப்பியதே தான்தான் என்றார் அவர். அதை ஏற்காதவர்களும் உண்டு. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அப்புறம் நடந்ததுதான். இரண்டு ரேஞ்ச் ரோவர்களில் துருக்கி எல்லையை நோக்கிப் பயணம். வழியெல்லாம் துப்பாக்கியோடு புரட்சிக் கமிட்டிக்காரர்கள். வண்டியில் இருந்தவர்களோ அமெரிக்கர்கள். ஒவ்வொரு தடுப்பிலும் இறங்கிப் பேசி வழி வாங்கியவர் இவர். தன் ஊர்க்காரர்களிடமே, தன் ஜனங்கள் நடத்திய புரட்சியின் பெயரைச் சொல்லியே பொய் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு சொல் பிசகியிருந்தால் அமெரிக்கர்களுக்குச் சிறை; இவருக்குத் துரோகிப் பட்டம், அதற்குரிய தண்டனை.

நான் அவரைத் துரோகி என்று சொல்ல மாட்டேன். புரட்சியை அவர் விற்கவில்லை. கூட வேலை பார்த்தவர்களைக் கைவிடவில்லை, அவ்வளவுதான். அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. அமெரிக்கர்கள் வீடு திரும்பினார்கள். அவர்களோடு எல்லை தாண்டிய இவர், தன் வீட்டை விட்டுவிட்டு டல்லாஸ் போய்ச் சேர்ந்தார்.