அக்கா போன் பண்ணல, ‘லாஸ்ட் சீன்’ மட்டும் பாத்தாளாம்

கேள்வி: மேடம், போன மாசம் எங்க ஊர்ல பெரிய நிலநடுக்கம். ராத்திரி ரெண்டு மணி இருக்கும். ஒன்பதாவது மாடி, வீட்ல நானும் மாமியாரும் மட்டும், அவருக்கு நைட் ஷிப்ட். லாரி போற மாதிரி ஒரு சத்தம், அப்புறம் கப்பல்ல நிக்கிற மாதிரி வீடே ஆடிச்சு. நான் எழுந்து கதவத் தெறந்து படிக்கட்டுக்கு ஓடிட்டேன் மேடம். ரெண்டு மாடி இறங்கின பிறகுதான் மாமியார் உள்ள இருக்காங்கனு ஞாபகமே வந்துச்சு. திரும்பி ஓடி வந்தப்போ கண்ணாடித் துண்ட மிதிச்சு கால் கிழிஞ்சிருச்சு. கரண்ட் இல்ல, மெழுகுவர்த்தி ஏத்திப் பாத்தா அவங்க கட்டில்லயே தலையணைய தலை மேல வச்சுக்கிட்டு குப்புறப் படுத்திருக்காங்க. ஒரு வார்த்தை திட்டல, அதுதான் இன்னும் குத்துது. வீட்டுக்காரர் போன் கெடைக்கலன்னதும் வேலைய அப்படியே போட்டுட்டு பைக்க எடுத்துக்கிட்டு இருட்டுல பாலத்தத் தாண்டி வந்து சேந்தார், அதுதான் பாசம். ஆனா வெளியூர்ல இருக்குற என் கூடப்பொறந்த அக்கா ரெண்டு நாளா போனே பண்ணல. கேட்டா, "நீ ஆன்லைன்ல வந்தத பாத்தேன், சரி நல்லாத்தான் இருக்கேன்னு விட்டுட்டேன்"ங்கிறா. அவகூட பேசவே பிடிக்கல. இப்பவும் சும்மா உக்காந்திருக்கும்போது திடீர்னு ஆடுற மாதிரியே இருக்கு. நான் மோசமானவளா, என் அக்கா மோசமானவளா? – பெயர் வேண்டாம்.

பதில்: முதல்ல கால் ஆறிடுச்சா? அத எழுதாம விட்டுட்டீங்களே.

உங்க லெட்டர ரெண்டு தடவ படிச்சேன். நீங்க மூணு பேருக்கு மார்க் போட்டிருக்கீங்க. ஓடுனதுக்கு உங்களுக்கு பெயில், போன் பண்ணாததுக்கு அக்காவுக்கு பெயில், பைக்ல பறந்து வந்ததுக்கு வீட்டுக்காரருக்கு நூத்துக்கு நூறு. மாமியாரப் பத்தி மார்க்கே இல்ல, பாவம் படுத்துக் கெடந்தாங்கனு மட்டும் இருக்கு. நான் திருத்தினா பேப்பர் அப்படியே தலைகீழா மாறுது, கோவப்படாம கேளுங்க.

அந்த வீட்ல அன்னிக்கு ராத்திரி சரியான காரியம் பண்ண ஒரே ஆள் உங்க மாமியார்தான். படுக்கையில இருக்கும்போது பூமி ஆடுனா எழுந்திருக்காதீங்க, அங்கேயே குப்புறப் படுத்து தலையணைய தலைக்கும் கழுத்துக்கும் மேல வச்சு அமுக்கிப் பிடிச்சுக்கோங்கனுதான் பேரிடர் பயிற்சியில சொல்லிக்குடுக்குறாங்க. அவங்களுக்கு யாராவது சொன்னாங்களா, முட்டி வலியில எழுந்திருக்க முடியாம தானா நடந்துச்சானு எனக்குத் தெரியாது, ஆனா செஞ்சது கரெக்ட். நீங்க ஓடுனீங்களே, அதுதான் ஆபத்து. பெரிய நடுக்கத்துல ஆளுங்களுக்கு அடிபடுறதே நிறைய நேரம் இப்படித்தான், ஆடுற தரையில ஓடி விழுந்து, இல்லன்னா மேல இருந்து ஏதாவது விழுந்து. அதுலயும் படிக்கட்டு ரொம்ப மோசமான எடம். முழிச்சிட்டு இருந்தா கீழ உக்காந்து, உறுதியான மேசைக்கு அடியில போய், அது நகந்தா கூடவே நகர்ற மாதிரி அதோட கால பிடிச்சுக்கணும், ஆட்டம் நிக்கிற வரைக்கும். கதவு நிலைக்கு அடியில நிக்கிறதுங்கிறதெல்லாம் பழைய கதை, இப்ப இருக்குற வீடுகள்ல அந்த எடத்துக்குனு தனி பலம் ஒண்ணும் கெடயாது. மண் சுவர், கல் சுவர் வீடா இருந்து வாசல் ரெண்டே எட்டுல இருந்தா கணக்கு வேற, ஒன்பதாவது மாடிக்கு அது பொருந்தாது.

அப்ப நான் முட்டாள், மோசமானவ இல்லையானு கேப்பீங்க. ஆமா, அவ்ளோதான். முட்டாள்தனம் கூட இல்ல, பழக்கம் இல்ல. எனக்கும் ஒரு தடவ நடந்திருக்கு, ஆபீஸ்ல நாலாவது மாடியில. தலை சுத்துது, பிபி ஏறிடுச்சு போலனு நெனச்சேன், அப்புறம் பாத்தா தண்ணி கேன்ல இருக்குற தண்ணி ஒரு பக்கமா சாஞ்சு சாஞ்சு அடிக்குது. அந்த செகண்ட்ல என் கை எங்க போச்சு தெரியுமா, ஹேண்ட்பேகுக்கு. பக்கத்து சீட்ல ஏழு மாச கர்ப்பிணிப் பொண்ணு உக்காந்திருந்தா, அவ பக்கம் திரும்பக்கூட இல்ல. பேகுல என்ன இருந்துச்சுனு நெனச்சா சிரிப்பு வருது, ஒரு பழைய கரண்ட் பில்லும் சீப்பும். அந்த முதல் பத்து செகண்ட்ல மூளை யார் யார் மேல பாசம்னு லிஸ்ட் எடுத்துப் பாக்குறதில்ல, கால் எங்க போகுதோ அங்க போகுது. நீங்க ரெண்டு மாடி இறங்கிட்டு திரும்பி மேல ஏறினீங்க பாருங்க, அதுதான் யோசிச்சுப் பண்ணது. அது கூட அந்த நேரத்துல பண்ணக்கூடாததுதான், ஆனா எந்தப் பக்கம் ஓடுனீங்கனு பாத்துக்கோங்க.

அந்த லாரி சத்தம் சொன்னீங்களே, அது பி அலை, முதல்ல வந்து சேருறது. பூமி மேலோட்டுல அது செகண்டுக்கு சுமாரா 6 கிலோமீட்டர் வேகத்துல வரும். பின்னாடியே எஸ் அலை செகண்டுக்கு மூணரை கிலோமீட்டர் மாதிரி மெதுவா வரும், போட்டு ஆட்டுறது அதுதான். 100 கிலோமீட்டர் தள்ளி நடந்திருந்தா ரெண்டுக்கும் நடுவுல பத்து பன்னெண்டு செகண்ட் கெடைக்கும். மொபைல்ல வர்ற எச்சரிக்கை அலாரம் எல்லாம் இந்த இடைவெளியில வேலை செய்றதுதான். அடுத்த தடவ லாரி சத்தம் கேட்டா மேசைக்கு அடியில போக அந்த நேரம் போதும். அப்புறம் கப்பல் மாதிரி ஆட்டம், உயரமான கட்டடம் அப்படித்தான் ஆடும், ஆடித்தான் ஆகணும், வளைஞ்சு குடுக்குற மாதிரிதான் கட்டுவாங்க. 2025 மார்ச் 28-ல மியான்மர்ல 7.7 அளவுல நடுக்கம் வந்தப்போ ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தள்ளி பாங்காக்ல மாடிக் கட்டடங்கள் ஆடி, உச்சியில இருந்த நீச்சல் குளத்துத் தண்ணி அருவி மாதிரி கீழ கொட்டுச்சே, வீடியோ பாத்திருப்பீங்க. ஆடுனதாலேயே கட்டடம் போச்சுனு அர்த்தம் இல்ல. ஆனா தூண்லயோ பீம்லயோ விரிசல் இருந்தா, சுவர்ல எக்ஸ் மாதிரி குறுக்க குறுக்க வெடிச்சிருந்தா, நேத்து வரைக்கும் நல்லா மூடுன கதவு இன்னிக்கு மூட மாட்டேங்குதுன்னா, இன்ஜினியர் பாக்குற வரைக்கும் உள்ள தூங்காதீங்க. பூச்சுல முடி மாதிரி கீறல் வேற விஷயம்.

மெழுகுவர்த்தி விஷயத்துல மட்டும் நான் நெசமாவே திட்டப்போறேன். கேஸ் கசியுதானு தெரியாத வீட்ல நெருப்பா? மோந்து பாக்கணும், சிலிண்டர மூடணும், ஜன்னலத் தெறக்கணும். வாசனை வந்தா ஸ்விட்சக்கூடத் தொடாம ஆளக் கூட்டிக்கிட்டு வெளிய வந்துடணும், லிப்ட்ல இல்ல, படியில. வெளிச்சத்துக்கு டார்ச். கட்டில்கிட்ட ஒரு டார்ச்சும் ஒரு ஜோடி செருப்பும் இருந்திருந்தா உங்க கால் தப்பிச்சிருக்கும்.

இப்ப வீட்டுக்காரர். அவர் வந்தது பாசம்தான், நான் இல்லைங்கல. ஆனா உங்க லெட்டர்ல என்னை பயமுறுத்துன ஒரே வரி அந்த பாலம்தான். பெரிய நடுக்கம் வந்து ஒரு மணி நேரம் கூட ஆகல, பின்னதிர்வு எப்ப வரும்னு தெரியாது, தெருவுல லைட் இல்ல, பாலம் எந்த நெலமையில இருக்குனு யாரும் பாக்கல, அதுல பைக்க விட்டிருக்கார். ஜப்பான்ல சான்ரிகு கடலோரத்துல ‘தெந்தென்கோ’னு ஒரு வார்த்தை வச்சிருக்காங்க, அவங்கவங்க தனித்தனியா தப்பிச்சு ஓடுங்கனு அர்த்தம். கேக்க கல்நெஞ்சு மாதிரி இருக்கும். 1896-ல அங்க வந்த சுனாமியில 20,000 பேருக்கு மேல செத்தாங்க, 1933-ல மறுபடி வந்துச்சு. அப்பாவத் தேடிப் பிள்ளையும் பிள்ளையத் தேடி அம்மாவும் போய் குடும்பத்தோட போனவங்க நிறைய பேர். அதுல இருந்து வந்த பாடம் அது. இது எப்படி வேலை செய்யுதுன்னா, பிள்ளை கண்டிப்பா மேட்டுக்கு ஓடியிருக்கும்னு அம்மா நம்பணும், அம்மாவும் ஓடியிருப்பானு பிள்ளை நம்பணும், முன்னாடியே பேசி வச்சிருந்தாதான் அந்த நம்பிக்கை வரும். 2011 மார்ச் 11-ல அதே கடலோரத்துல பெரிய நடுக்கமும் சுனாமியும் வந்தப்போ கமாய்ஷி ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைங்க ஏறத்தாழ 3,000 பேர் தப்பிச்சதுக்கு இந்தப் பழக்கம் ஒரு காரணம். உங்க வீட்ல அந்தப் பேச்சு நடக்கல, அதனாலதான் அவர் பாலம் ஏறினார். இன்னிக்கே பேசுங்க, அவர் எங்க இருந்தாலும் ஆட்டம் நின்னு வழி சரியா இருக்குனு தெரியுற வரைக்கும் அங்கேயே இருக்கணும், நீங்களும் அத்தையும் கீழ எந்த எடத்துல நிப்பீங்கனு அவருக்குத் தெரிஞ்சிருக்கணும்.

அக்காவுக்கு வருவோம். சொன்னா நம்ப மாட்டீங்க, போன் பண்ணாம இருந்தது சரிதான். எல்லாரும் ஒரே நேரத்துல கூப்பிட்டா லைன் அடைச்சுக்கும். அதே 2011 நடுக்கத்தப்போ ஜப்பான்ல மொபைல் கம்பெனிகள் பேசுற கால்கள்ல 70-லேர்ந்து 95 சதவீதம் வரைக்கும் கட்டுப்படுத்த வேண்டியதாப் போச்சு, ஆம்புலன்ஸ் மாதிரி அவசர கால் போகணும்ல. பேசுற காலுக்கு முடியுற வரைக்கும் ஒரு வழி தெறந்தே இருக்கணும். எஸ்எம்எஸ் அப்படி இல்ல, சின்னப் பொட்டலம், இடம் கெடைக்கிறப்போ நுழைஞ்சு போயிடும், போகலன்னா வரிசையில நின்னு மறுபடி முயற்சி பண்ணும். வீட்டுக்காரர் நாப்பது தடவ டயல் பண்ணதுக்குப் பதிலா ஒரு எஸ்எம்எஸ் தட்டியிருந்தா அது முன்னாடி வந்திருக்கும்.

ஆனா அக்கா ஒரு வரி கூட அனுப்பாதது தப்புதான், அதுல நான் உங்க பக்கம். ஆன்லைன்ல வந்தானு பாத்தா உயிரோட இருக்கானு தெரியும், அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது. லாஸ்ட் சீன்ல கால்ல வழியுற ரத்தம் தெரியாது, கூட இருக்குற மாமியார் எப்படி இருக்காங்கனு தெரியாது. முக்கியமா, அக்கா நம்மளப் பாத்துட்டானு உங்களுக்குத் தெரியாது. அவ நிம்மதியா தூங்கிட்டா, நீங்க ரெண்டு நாள் போனயே பாத்துக்கிட்டு இருந்தீங்க. ஆனா ஒண்ணு கேக்கட்டா, நீங்க ஆன்லைன் வந்தப்போ அவளுக்கு ஒரு வரி போட்டீங்களா? லெட்டர்ல அது இல்ல. ஆபத்துல இருந்தவங்கதான் முதல்ல சொல்லணும், வெளிய இருக்குறவங்க நூறு பேரும் கேட்டுக்கிட்டே இருந்தா பதில் சொல்லியே பேட்டரி காலி. பேஸ்புக்ல 2014-ல கொண்டு வந்த ‘சேஃப்டி செக்’ கூட அதுக்குத்தான், ஒரு தட்டு தட்டினா எல்லாருக்கும் போய்ச் சேரும்.

பக்கத்துலயே இருந்தவங்கள யார் பாத்தாங்க? 1995-ல ஜப்பான்ல கோபே நகரத்து நடுக்கத்துல இடிபாட்டுல இருந்து உயிரோட எடுக்கப்பட்டவங்கள்ல பெரும்பாலானவங்கள எடுத்தது குடும்பத்துக்காரங்களும் அக்கம்பக்கத்துக்காரங்களும்தான், மீட்புப் படை வந்து சேரவே நேரமாயிடுச்சு. உங்க மாடியில எத்தன கதவு இருக்கு, எந்த வீட்ல தனியா ஒரு பெரியவர் இருக்கார், யாருக்கு நடக்க முடியாது, இது தெரியாம நாமெல்லாம் குரூப்ல "எல்லாரும் சேஃபா" போட்டுக்கிட்டு இருக்கோம். ஆட்டம் நின்னதும் செருப்ப மாட்டிக்கிட்டு அந்த ரெண்டு கதவத் தட்டுனா போதும்.

சும்மா இருக்கும்போது ஆடுற மாதிரி இருக்குறது உங்களுக்கு மட்டும் இல்ல. ஜப்பான்காரங்க அதுக்கு ‘ஜிஷின் யோய்’னு பேரே வச்சிருக்காங்க, கப்பல்ல போய் எறங்கின பிறகும் தலை கிறுகிறுங்கும்ல, அது மாதிரி. மேசை மேல ஒரு கண்ணாடி டம்ளர்ல தண்ணி வச்சுக்கோங்க, சந்தேகம் வந்தா அதப் பாருங்க, தண்ணி அசையலன்னா உங்க காதுக்குள்ள இருக்குற பேலன்ஸ்தான் ஆடுது. தண்ணி அசைஞ்சா நெசமான பின்னதிர்வு, மேசைக்கு அடியில போங்க. பின்னதிர்வு நாள் ஆக ஆக கொறையும், ஒமோரிங்கிற ஜப்பான் விஞ்ஞானி 1894-லயே இத கணக்காவே எழுதி வச்சிட்டார், ஆனா கொறையும்னா வராதுனு இல்ல. நேபாளத்துல 2015 ஏப்ரல் 25-ல 7.8, பதினேழு நாள் கழிச்சு மே 12-ல 7.3. அதனால அலமாரிய சுவரோட சேத்து ஆணி அடிக்கிற வேலைய தள்ளிப்போடாதீங்க. "இன்னிக்கு ராத்திரி மூணு மணிக்கு இன்னும் பெருசா வருது, எல்லாரும் வெளிய படுங்க"னு பார்வர்ட் வந்தா அழிச்சிடுங்க, தேதியும் நேரமும் சொல்லி பெரிய நடுக்கத்த கணிச்ச விஞ்ஞானி இதுவரைக்கும் யாரும் இல்ல. தலைசுத்தல் வாரக்கணக்குல நீடிச்சா, தூக்கம் கெட்டா, டாக்டரப் பாருங்க, வெக்கம் என்ன இதுல.

மாமியார்கிட்ட போய் "அத்தை, அன்னிக்கு ஓடிட்டேன், மன்னிச்சுக்கோங்க"னு நேரா சொல்லிடுங்க, சுத்தி வளைக்காம. சொல்லும்போதே அந்த டார்ச்சயும் செருப்பயும் ஒரு பையில போட்டு கட்டில் கால்ல கட்டிக் குடுங்க, கை வேலையா இருந்தா வாய் வரும். தலையணைய தலை மேல வைக்கணும்னு எப்படித் தெரிஞ்சுதுனு அவங்களக் கேளுங்க, எனக்கும் தெரிஞ்சுக்கணும்.

அக்காவுக்கு ஒரு வேலை குடுங்க. நடுக்கம் வந்த ஊருக்குள்ள ஒருத்தருக்கொருத்தர் பேசுறது கஷ்டம், வெளியூர் லைன் பல நேரம் சீக்கிரம் கெடைக்கும், அதனால குடும்பத்துக்கு வெளியூர்ல ஒரு ஆள் வேணும், எல்லாரும் அவங்களுக்கு மட்டும் சொல்லணும், மத்தவங்க அவங்ககிட்ட கேட்டுக்கணும். உங்க அக்காவ விட்டா அதுக்கு வேற யார்? "அக்கா, இனிமே ஏதாவது ஆச்சுன்னா நானும் அவரும் உனக்குத்தான் மெசேஜ் போடுவோம், எங்க இருக்கோம், யார் கூட இருக்கோம், அடிபட்டிருக்கா, அடுத்த மெசேஜ் எத்தன மணிக்கு, இந்த நாலும் வரும், நீ வீட்ல எல்லாருக்கும் சொல்லிடு"னு இன்னிக்கே அனுப்புங்க. கூடவே கால் கிழிஞ்சதையும் எழுதுங்க, லெட்டரப் பாத்தா அவளுக்கு அது இன்னும் தெரியாத மாதிரிதான் இருக்கு.